எண்ணிக் கொடுத்த பட்டன்கள்

ஒரு முழுக்கைச் சட்டைக்குப் பதினோரு பட்டன். முன்பக்கம் ஏழு, காலரில் இரண்டு, கைக்கு ஒவ்வொன்று. பன்னிரண்டாவதாக ஒன்று சட்டையின் உள்பக்கம், இடுப்போரத் தையலில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். அது ஸ்பேர். ஸ்டோரில் பட்டனை எண்ணித்தான் கொடுப்பார்கள். நூறு சட்டைக்கு ஆயிரத்து இருநூறு. ஒன்று குறைந்தாலும் சூப்பர்வைசர் வந்து நிற்பார். தரையில் குனிந்து, மிஷின் பெடலுக்கு அடியில் கைவிட்டுத் தேடி எடுத்த பிறகுதான் அடுத்த சட்டைக் கட்டு வரும்.

அந்தத் தையல் கம்பெனியில் பட்டன் மிஷினில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் பட்டனக்கா. தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டையைப் பார்ப்பாள். "மூணாவது பட்டன் வேற நூல்ல தெச்சிருக்கு" என்பாள். தண்ணீர் லாரி ஓட்டும் அவள் புருஷன், "நான் செத்தாக்கூட முதல்ல என் சட்டையைத்தான் பாப்பா" என்று கேலி செய்வார்.

பட்டனக்காவுக்கு ஒரே தங்கை, மூன்று வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்குப் பதினாறு வயது. அவளைப் படிக்கவைத்து, ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்த்து, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஒரு நல்ல மனிதருக்குக் கட்டிக்கொடுத்ததெல்லாம் பட்டனக்காதான். ஊரில் எந்த மாடியில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் அந்த மாப்பிள்ளைதான் போய் இறக்கிவிடுவார்.

தங்கைக்கு இருபத்தொன்பது வயதில் மாதவிலக்கு நின்றது. மருந்துக்கடையில் தினமும் நாலைந்து பேருக்குக் கர்ப்பம் பார்க்கும் பட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறவள் அவள். முதல் மாதம் தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டாள், ஆசையோடு. மூன்றாவது மாதம் டாக்டரிடம் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு வந்தாள். பட்டனக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. ஆனா அழக்கூடாது."

"அழறதுக்கு என்னடி இருக்கு? கிட்னியா கேக்கப் போற?"

"கிட்டத்தட்ட."

மகளைக் கீழே அனுப்பினார்கள். தங்கை தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுடையது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கர்ப்பப்பைக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொருத்தியுடைய "அது" கிடைத்தால், மாப்பிள்ளையுடையதோடு சேர்த்து இவள் வயிற்றில் வைக்கலாம். இவளே சுமந்து பெறலாம்.

"எதுடி?"

"அதுதான்க்கா."

பக்கத்து மாடியில் ஆள் இருந்தது. அந்தச் சொல்லைத் தங்கை சொல்லவில்லை, அக்காவும் கேட்டு வாங்கவில்லை. அன்று தொடங்கி நாலு வருஷம் அவர்களுக்குள் அது "அது"வாகவே இருந்தது.

"எடுத்துக்கோடி" என்றாள் பட்டனக்கா. "என்கிட்ட இருக்கறதுல உனக்கு இல்லாதது என்ன?"

தங்கை அழுதாள். அழக்கூடாது என்று சட்டம் போட்டவளே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பொறந்தா உன்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடப் போகுது. அந்தச் சொல்லுக்குள்ளயே ஒரு அம்மா உக்காந்திருக்கா, பாத்தியா? நாம புதுசா ஒரு முறையும் கண்டுபிடிக்க வேண்டாம்."

பெரியம்மா. பட்டனக்கா அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதுவரை அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரு ஜீவன் கிடையாது.

மறுநாள் மதியம் கம்பெனி சாப்பாட்டு மேசையில் அவள் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. "எங்க தெருவுல ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தாள்.

மேசையின் தலைமாட்டில் செக்கிங் அம்மா உட்கார்ந்திருந்தாள். முடிந்த சட்டைகளைப் பிரித்துப் பார்த்துப் பிசிறு வெட்டுவது அவள் வேலை. நூல் கத்தரி எப்போதும் விரலிலேயே மாட்டியிருக்கும், சாப்பிடும்போதுகூட. எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் கீழே வைக்கமாட்டாள். கெட்டவள் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தான் படுத்துக்கொள்கிற ஆள். தெரியாது என்ற ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வராது.

"கருமுட்டைன்னா என்னாடி? முதல்ல என்ன வருது? கரு. கருவைத் தூக்கி அடுத்தவ கையில குடுக்கறது. கலைக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"முட்டைன்னும் வருதே, அதை விட்டுட்டியே" என்றாள் ஓவர்லாக் மிஷின்காரி. மேசை சிரித்தது.

"சிரிங்கடி, சிரிங்க. பொம்பளைக்கு அது அளவாத்தான் வெச்சிருக்கு. ஸ்டோர்ல எண்ணிக் குடுக்கற மாதிரி. அதை அள்ளி அடுத்தவளுக்குக் குடுத்துட்டா உன் சட்டைக்குப் பட்டன் ஏது? நாப்பத்தஞ்சுல நிக்க வேண்டியது முப்பத்தஞ்சுல நின்னுடும். வயித்தைக் கிழிச்சுத்தான் எடுப்பான். போடற ஊசியில மீசை மொளைக்கும்."

"உனக்கு யாருக்கும் குடுக்காமலேயே மொளைச்சிருக்கே!"

இந்த முறை சிரிப்பு பக்கத்து மேசைவரை போனது. செக்கிங் அம்மா அது அடங்கும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு யாருக்குக் குடுக்கறாளோ, அவ புருஷனோடதுல சேத்துத்தானே வைப்பாங்க? அப்ப அவன் இவளுக்கு யாரு? இவ யார் முகத்துல முழிப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. பட்டனக்கா டப்பாவை மூடினாள்.

அந்த மேசையில் ஏழு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் பள்ளிக்கூடம் போனவர்கள். எல்லாருடைய புத்தகத்திலும் அந்தப் பாடம் இருந்தது, படத்தோடு. எல்லாப் பள்ளியிலும் ஒரு டீச்சர் அந்தப் பக்கங்களை மொத்தமாகப் புரட்டி, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். வீட்டில் யார் படிப்பது? ஒரு டீச்சரின் ஐந்து நிமிடக் கூச்சத்துக்கு ஒரு பெண் எத்தனை வருஷம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை. இதில் ஆணுடையதைப் பற்றி யாரும் எண்ணிக்கை கேட்டதே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவனுடையது ஊற்று, இவளுடையது உண்டியல். அப்படித்தான் எல்லார் மனதிலும் பதிந்திருந்தது.

கருவைக் கொடுப்பது, கலைப்பது, மீசை, முறை. இவற்றையெல்லாம் பட்டனக்கா இரண்டு நாளில் உதறிவிட்டாள். மாப்பிள்ளை அவளுக்குத் தம்பி மாதிரி. லேபில் ஒரு கண்ணாடித் தட்டில் சேர்க்கப்போவதற்கு யார் முகத்தில் முழிக்க வெட்கம்? அதுவரை அவளுக்குப் புத்தி இருந்தது.

உதற முடியாமல் நின்றது பட்டன் கணக்கு. வேறு எந்தத் தொழில் செய்தவளாக இருந்தாலும் அது அவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்திருக்காது. எண்ணிக் கொடுத்ததில் ஒன்று போனால் ஒரு சட்டை நிற்கும் என்பதைப் பதினைந்து வயதிலிருந்து விரலால் அறிந்தவள் அவள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு. இரண்டாவது குழந்தைக்காக ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் எத்தனை மிச்சமோ, அதில் பத்தை அள்ளிக் கொடுத்துவிட்டால்?

அடுத்த ஞாயிறு தங்கையிடம் சொன்னாள். "அது... கொஞ்சம் தள்ளிப் போடலாமாடி? எனக்கு ரெண்டாவது ஒண்ணு ஆயிடட்டும். ஆன உடனே வரேன். கட்டாயம் வரேன்."

தங்கை ஒரு கணம் அவளையே பார்த்தாள். "சரிக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவசரம் இருந்தது. டாக்டர் முகம் தெரியாத வேறொரு பெண்ணிடமிருந்து வாங்கித் தரலாம் என்று சொன்னபோது, தங்கையும் மாப்பிள்ளையும் வேண்டாம் என்றார்கள். ரத்தம், சாதி என்றெல்லாம் பார்க்கிறவர்கள் இல்லை அவர்கள். "அக்கா தரேன்னு சொல்லியிருக்கா" என்றாள் தங்கை. அதற்கு மேல் அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

இரண்டாவது குழந்தை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. இரண்டே கால் வருஷம் ஆனது. ஒவ்வொரு மாதமும் இல்லை என்று தெரிந்தபோது, யாருக்கும் ஒன்றும் கொடுக்காமலேயே தனக்கு இந்தக் கதி என்றால் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டனக்கா நடுங்கினாள். தான் செய்தது சரி என்று அந்த நடுக்கத்தையே சாட்சியாக வைத்துக்கொண்டாள். பையன் பிறந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து முடியப் போகிறது.

ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் வாங்கியது தங்கை. அதன் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். "சட்டைக்காரி புள்ள, விரலெல்லாம் சரியா எண்ணி வெச்சிருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பட்டனக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையன் முதலில் தெளிவாகச் சொன்ன சொல் "சித்தி". அதை அவன் சொன்ன வாரம் பட்டனக்கா பால் மறக்கடித்தாள். தங்கை கேட்கவே இல்லை. அவளாகவே போன் செய்தாள். "வா, போகலாம். அதுக்கு."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற அம்மாள். ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஸ்கேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு இப்ப முப்பத்தேழு. முப்பத்தஞ்சுக்கு மேல சாதாரணமா எடுக்கறதில்ல. சொந்தத் தங்கச்சிங்கறதால முயற்சி பண்ணலாம். ஆனா இருப்பு கொஞ்சமாத்தான் காட்டுது. தரமும் வயசோட குறையும். நாலஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." நிறுத்திக்கொண்டார். "ஏன் இவ்வளவு தள்ளிப் போட்டீங்க?"

பட்டனக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கையும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எனக்கு ரெண்டாவது வேணும்னு இருந்துச்சு டாக்டர். எண்ணித்தானே வெச்சிருக்கு? அதுல பத்து குடுத்துட்டா எனக்குக் குறைஞ்சு போயிடும்னு... ஸ்டோர்ல பட்டன் குடுக்கற மாதிரி..."

டாக்டர் சிரிக்கப் போனார். எதிரே இருந்த இரண்டு முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார்.

"எண்ணி வெச்சிருக்கறது நிஜம்மா. ஆனா உடம்பு உங்க ஸ்டோர் மாதிரி கணக்குப் பாக்காது. பொறக்கும்போதே லட்சக்கணக்குல இருக்கும். மாசாமாசம் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டும். அதுல ஒண்ணை மட்டும் தெச்சுக்கும். மிச்சம் அத்தனையும் குப்பைக்குப் போயிடும். நீங்க குடுத்தாலும் போகும், குடுக்காட்டியும் போகும். நாங்க ஊசி போட்டு, அந்த மாசம் குப்பைக்குப் போகப் போறதைத்தான் வளர்த்து எடுக்கறோம். அடுத்த மாசப் பொட்டலத்தைத் தொடறதே இல்ல."

"அப்ப சீக்கிரம் நின்னு போகும்னு சொல்றது?"

"இதுவரைக்கும் பாத்த ஆராய்ச்சியில அப்படி எதுவும் தெரியல. ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். வயிறு உப்பும், வலிக்கும். அபூர்வமா சிலருக்குச் சினைப்பை வீங்கி ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வரும், ரத்தக்கசிவு வரலாம். ரொம்ப வருஷம் கழிச்சு என்னன்னு இன்னும் நிறையப் படிக்க வேண்டியிருக்கு. அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம். ஆனா நீங்க பயந்ததுக்கு ஆதாரம் இல்ல."

"குடுத்திருந்தாலும் என் பையன்..."

"பொறந்திருக்க மாட்டான்னு சொல்ல ஒரு காரணமும் இல்ல."



"முதல் நாளே டாக்டர் எனக்கு இதையெல்லாம் சொன்னாங்கக்கா" என்றாள் தங்கை. அவள் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "உனக்கும் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வேண்டாம்னு சொல்றன்னு நெனச்சேன். என் வீட்டுக்காரரை வெச்சு சங்கடப்படறியோ, இல்ல வேற எதாவதோன்னு... கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கேக்கல."

"கேட்டிருக்கலாமேடி!"

"நீயும் கேட்டிருக்கலாமே."

இரண்டு பேரும் நாலு வருஷம் "அது", "அது" என்று பேசியிருந்தார்கள். ஒருத்தியின் "அது" மாதாமாதம் வீணாய்ப் போகிற ஒன்று. மற்றவளின் "அது" எண்ணி வைத்த பட்டன். பெயரைச் சொல்லிப் பேசியிருந்தால் அந்த மொட்டைமாடியிலேயே பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பட்டனக்கா பதினோரு நாள் ஊசி போட்டுக்கொண்டாள். வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், தன் கையாலேயே. பட்டன் மிஷின் ஊசி விரலில் ஏறிய அனுபவத்துக்கு இது கொசுக்கடி. வயிறு உப்பியது, கால் கனத்தது, சட்டென்று எரிச்சல் வந்தது. பன்னிரண்டாவது நாள் வேலைக்கும் போனாள். எடுக்கிற நாளில் மயக்கம் கொடுத்தார்கள். கிழிக்கவில்லை, தையல் போடவில்லை. கண் விழித்தபோது அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு நடந்து போனாள். செக்கிங் அம்மா சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, வலித்திருக்கக் கூடாதா, கிழித்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பயப்பட்டதற்கு அந்த ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும்.

நாலு கிடைத்தது. அதில் முதிர்ந்தது இரண்டு. இரண்டில் ஒன்றுதான் கருவாகியது. செக்கிங் அம்மா அத்தனை வருஷம் முன்பே பயமுறுத்திய அந்தச் சொல் அன்றுதான் முதல்முறையாக உண்மையானது. அதற்கு முன்னால் அங்கே எந்தக் கருவும் இருக்கவில்லை.

அதைத் தங்கையின் வயிற்றில் வைத்தார்கள். பதினாலு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். கைக்கெட்டும் அலமாரியில் பட்டை அடுக்கி வைத்திருந்தும் தங்கை ஒன்றைக்கூடத் தொடவில்லை. பதினைந்தாம் நாள் ரத்தம் கொடுத்தாள்.

பட்டனக்காவுக்கு வேலை நடுவே போன் வந்தது. மிஷின் வரிசையில் போன் பேசக்கூடாது. கழிவறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா... இல்ல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சாப்டியா?" என்று கேட்டாள் தங்கை.

அன்று மாலை பட்டனக்கா நேராக மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் இல்லை. தங்கை கவுண்டருக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுடி."

"அறைஞ்சா வருமா?"

"ஏதாவது சொல்லு. திட்டு."

தங்கை அட்டைகளை ஒழுங்காக வைத்து முடித்தாள். "கோவம் இருக்குக்கா. இல்லைன்னு சொல்லமாட்டேன். பாதி உன்மேல. மீதி யார்மேலன்னு தெரியல."

ஒரு பெண் வந்து நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, கவுண்டரில் குனிந்து, "அது ஒண்ணு குடுங்க" என்றாள். தங்கை எதுவும் கேட்காமல் ஒரு பட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "காலையில எழுந்ததும் முதல் தடவை பாருங்க. அப்பத்தான் சரியாக் காட்டும்" என்றாள். அந்தப் பெண் போகும்வரை அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இன்னொரு முறை முயலலாம் என்றார் டாக்டர், முகம் தெரியாத இளம்பெண் ஒருத்தியிடமிருந்து வாங்கி. "எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்ல டாக்டர். எதிர்பாக்கறதுக்குத்தான் தெம்பு இல்ல" என்றாள் தங்கை. அடுத்த வருஷம் மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் உயரமான கட்டடங்களில் வேலை கிடைத்தது. இருவரும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். பட்டனக்காவின் பிள்ளைகள் இருவரும் "சித்தி, சித்தி" என்று போனைப் பிடுங்கிச் சண்டை போடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்க யாரும் இல்லை.

பட்டனக்காவுக்கு இப்போது நாற்பத்து மூன்று. மாதவிலக்கு நிற்கவில்லை, ஒழுங்காக வருகிறது. ஒவ்வொரு முறையும் அதை அவள் ஒரு ரசீதைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள்.

சென்ற மாதம் அதே சாப்பாட்டு மேசையில் காலர் தைக்கும் ஒரு பெண் மெதுவாக வாயெடுத்தாள். அவளுடைய அத்தை மகளுக்குப் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்து, எல்லாம் கருகிப் போய்விட்டதாம். "என்னோட 'அதை' கேக்கறாங்கக்கா. குடுத்தா..."

தலைமாட்டில் செக்கிங் அம்மா நிமிர்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, கத்தரி மட்டும் விரலில் அப்படியே இருக்கிறது. "அது எண்ணித்தான்..."

"கருமுட்டை" என்றாள் பட்டனக்கா.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேரைச் சொல்லிப் பேசுடி. கருமுட்டை. அது கரு இல்ல. ஆணோடது சேந்தாத்தான் கரு. குடுத்தா தீந்து போகாது, மாசாமாசம் எப்படியும் அழியறதுதான். கிழிக்க மாட்டாங்க. வலி இருக்கும், ஆபத்தும் கொஞ்சம் இருக்கு. அதை டாக்டர்கிட்ட நீயே உக்காந்து கேளு. கேட்டுட்டு வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம்னு சொல்லு. அது உன் உடம்பு, யாரும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இந்த மேசையில கேட்டதை வெச்சு முடிவு பண்ணாத."

செக்கிங் அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப அன்னிக்கு நீ கேட்டது... உங்க தெருப் பொண்ணு..."

"நான்தான்."

"நான் என்னடி கண்டேன்? எனக்கு யாரோ சொன்னதைத்தானே..."

"தெரியும். நீ சொன்ன, நான் கேட்டுக்கிட்டேன். அவ்வளவுதான்."

காலர் பெண்ணுக்கு இதொன்றும் பிடிபடவில்லை. அவளுக்குத் தேவையானதை மட்டும் கேட்டாள். "நீங்க குடுத்தீங்களாக்கா?"

"குடுத்தேன். என் தங்கச்சிக்கு. நாலு வருஷம் கழிச்சு."

"அவங்களுக்குக் கொழந்த...?"

மணி அடித்தது. எல்லாரும் டப்பாக்களை மூடி எழுந்தார்கள். பட்டனக்கா உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணின் சட்டையைப் பார்த்தாள். பட்டன் எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "நீ நாளைக்கே லீவு சொல்லிட்டுப் போ."